கொடுத்தவன் நிறுத்தலாமா?

கோடைக்காலத்தில் ஒருவர் சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார். யாரும் கேட்டு வைத்ததல்ல; வைக்காமல் இருந்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். இரண்டு பானை, நாலு டம்ளர், மேலே ஒரு கீற்றுக் கொட்டகை. பத்து வருஷம் அந்தத் தர்மம் நடக்கிறது. பந்தல் இருக்கிறதென்ற தைரியத்தில் வழிப்போக்கர்கள் கையில் செம்பு எடுத்துக்கொள்ளாமலே புறப்படப் பழகிவிடுகிறார்கள். பதினோராவது வருஷம் பந்தல் இல்லை. அவருக்கு உடம்பு தள்ளவில்லை. தண்ணீர் சுமக்க ஆளும் இல்லை. அன்றைக்கு உச்சி வெயிலில் வந்து சேர்ந்தவன் வெறும் தரையைப் பார்த்துத் திகைத்து நிற்கிறான். அவனுக்கு அநியாயம் இழைக்கப்பட்டதா, இல்லையா?

சட்டத்தைக் கேட்டால் இல்லை என்று உடனே சொல்லிவிடும். விலை வாங்கவில்லை, பத்திரம் எழுதவில்லை. இனாமாகக் கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். மனசாட்சி மட்டும் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல மறுக்கிறது. பத்து வருஷம் ஒருவனைப் பழக்கிவிட்டுத் திடீரென்று விலகிக்கொள்வது முற்றிலும் குற்றமற்ற செய்கைதானா என்று அது கேட்கிறது.

இந்தக் கேள்வி வெறும் கற்பனையல்ல. கம்ப்யூட்டர் உலகத்தில் நம் கண்ணெதிரே நடக்கும் ஒரு காரியத்தில் இது உயிரோடு எழுந்து நிற்கிறது. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இயந்திர நூல் கற்றவனல்லன். ஆனாலும் மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள கடமை சம்பந்தப்பட்ட எந்த விஷயமும் கதை எழுதுகிறவனுக்கு அந்நியமல்ல என்ற துணிவில் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரின் மூளை புராஸஸர் என்ற சிப்பு. எல்லாப் புராஸஸர்களுக்கும் ஒரே பாஷை தெரியாது. ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனிக் கட்டளைத் தொகுதி உண்டு; ஒரு குலத்துக்காக ஆக்கிய புரோகிராம் இன்னொரு குலத்தில் ஓடாது. இந்த மூளைக்கும் நாம் உபயோகிக்கும் புரோகிராம்களுக்கும் நடுவே நின்று காரியஸ்தனைப் போல எல்லாவற்றையும் நடத்தி வைப்பது ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது இயங்குதளம். அதை விலைக்கு விற்கும் கம்பெனிகள் உண்டு. விலையின்றி, செய்முறை ரகசியமும் இன்றி, மூல எழுத்து முழுவதையும் உலகத்துக்குத் திறந்து வைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. டெபியன் என்பது அப்படிப்பட்ட ஒன்று. 1993-ல் இயான் மர்டாக் என்ற இளைஞர் தொடங்கியது. இன்று பல தேசங்களில் பரந்து கிடக்கும் சுமார் ஆயிரம் பேர் அதை நடத்துகிறார்கள். பெரும்பாலோர் தங்கள் பிழைப்பு வேறாக இருக்க, மிச்ச நேரத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்கள். 1997-ல் அவர்கள் ஒரு சமூக ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். உபயோகிப்பவர்களும் சுதந்திரமான புரோகிராம்களுமே தங்களுக்கு முதன்மை என்பது அதன் சாரங்களில் ஒன்று. ஆகவே, பத்திரம் எழுதாத தர்மவான் என்று கூட அவர்களைச் சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்தவர்கள்.

அந்த டெபியனின் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டு 9-ஆம் தேதி வெளியாயிற்று. அதில் 32-பிட் இன்டெல் வகை இயந்திரங்களுக்குக் கெர்னலும் இல்லை. நிறுவிக்கொள்ளும் சாதனமும் இல்லை. அந்த வகைக்கான புரோகிராம்கள் மட்டும், புதிய 64-பிட் இயந்திரத்துக்குள் பழைய புரோகிராம்களை ஓட்டுவதற்காக வைக்கப்பட்டிருக்கின்றன. பழைய சரக்குக்கு இடமுண்டு, பழைய வீட்டுக்கு இடமில்லை என்கிற கதைதான். இப்படிப்பட்ட இயந்திரம் வைத்திருப்பவர்கள் புதிய பதிப்புக்கு மாற வேண்டாம். முடிந்தால் 64-பிட்டாக மறுபடி நிறுவிக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் இயந்திரத்துக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள் என்று வெளியீட்டுக் குறிப்பில் யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

ஓய்வு! இயந்திரத்துக்கு அது ஓய்வு. சொந்தக்காரனுக்கு அது செலவு.

இந்தக் குலத்தின் மூதாதை 1985-ல் இன்டெல் வெளியிட்ட 80386 சிப்பு. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜனவரியில் வாங்கியது அந்தச் சிப்பு வைத்த இயந்திரந்தான். அதை அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் அவர் எழுதத் தொடங்கியதே லினக்ஸ் கெர்னல். இன்று உலகத்தின் பெரிய கம்ப்யூட்டர்களையும் கோடிக்கணக்கான கைபேசிகளையும் இயக்குவது அதுதான். 2012 டிசம்பரில் அந்தக் கெர்னலிலிருந்தே 386-க்கான பகுதிகளை நீக்கினார்கள். 2013 பிப்ரவரியில் வந்த 3.8-ஆம் பதிப்பு தான் பிறந்த வீட்டில் குடியிருக்க முடியாததாயிற்று. தமக்கு இதில் மன நெகிழ்ச்சி ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டு டோர்வால்ட்ஸ் அதை ஏற்றுக்கொண்டார்.

கதை எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் இரண்டு சொட்டுக் கண்ணீர் விடத் தோன்றும். ஆனால் கண்ணீரால் நியாயம் தீராது. நீக்கியவர்களின் பக்கத்தைக் கேட்போம்.

நினைவகத்தில் உள்ள ஓர் எண்ணைப் பார்த்து, அது எதிர்பார்த்தபடி இருந்தால் மட்டும் மாற்றி எழுதுவது ஒரு வேலை. இடையில் வேறெதுவும் குறுக்கிடாமல் ஒரே கட்டளையில் இதைச் செய்துமுடிக்கும் வசதி 386-ல் கிடையாது; அடுத்து வந்த 486-ல்தான் வந்தது. ஒரே சமயத்தில் பல காரியங்கள் நடக்கும் இந்தக் காலத்தில் அது இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. ஆகவே 386-க்காக மட்டும் சுற்றுவழி ஒன்று போட்டு வைத்திருந்தார்கள். கெர்னலின் அந்தப் பகுதியைத் தொடுகிறவன் ஒவ்வொருவனும் அந்தச் சுற்றுவழியையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். ஒரு வீட்டில் ஒரே ஒரு கிழவருக்காக எல்லாரும் குனிந்து நுழையும் வாசலை வைத்திருப்பது போல. கிழவர் இருக்கும்வரை சரி. அவர் போய்ப் பல வருஷங்கள் ஆன பிறகும் குனிந்துகொண்டே இருப்பதா?

டெபியனின் சங்கடம் இன்னும் பெரிது. 13-ஆம் பதிப்பில் 60,000-க்கு மேற்பட்ட புரோகிராம் பொதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு குலத்துக்கும் அத்தனையையும் தனித்தனியே ஆக்கிச் சோதிக்க வேண்டும். 32-பிட் உலகத்தில் ஒரு புரோகிராம் எட்டிப் பிடிக்கக்கூடிய நினைவகம் 4 கிகாபைட்டுக்கு மேல் போகாது. இணையம் பார்க்கும் உலவி போன்ற ராட்சசப் புரோகிராம்களை அந்த எல்லைக்குள் ஆக்கி முடிப்பதே திணறலாகிவிட்டது. ஒரு குலத்தில் ஒரு பொதி சிக்கிக்கொண்டால் அவிழ்க்க யாராவது ஒருவர் ராத்திரி கண்விழித்து உட்கார வேண்டும். போதாக்குறைக்கு, 1970-லிருந்து விநாடிகளை 32-பிட்டில் எண்ணிவரும் பழைய கடிகாரம் 2038 ஜனவரி 19-ஆம் தேதி நிரம்பி வழிந்துவிடும். மற்ற 32-பிட் குலங்களுக்கு 13-ஆம் பதிப்பில் கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள். இன்டெல் குலத்துக்கு மட்டும் மாற்றவில்லை. மாற்றினால், எந்தப் பழைய புரோகிராம்களுக்காக அதை வைத்திருக்கிறார்களோ அவையே ஓடாமல் போகும்.

இத்தனையும் சம்பளமில்லாத உழைப்பு. அந்த உழைப்பாளிக்கும் மனைவி மக்கள் இருக்கிறார்கள். அவனுக்கும் முதுகு வலிக்கும். “உன்னை நம்பினேனே, நீ எப்படி நிறுத்தலாம்?” என்று அவனைக் கேட்பதானால், ஒரு முறை கொடுத்தவன் ஆயுள் முழுதும் அடிமை என்று ஆகிவிடும். அப்படிப்பட்ட தர்ம நியாயம் நிலவும் ஊரில் யாரும் பந்தலே வைக்கமாட்டார்கள்.

இவ்வளவும் நியாயந்தான். இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம்.

கழிக்கப்பட்டவை எல்லாம் 1985-ஆம் வருஷத்துக் காட்சிப் பொருள்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அசல் 386 டெபியனில் எப்போதோ கழிந்துவிட்டது. 2017-ல் வந்த 9-ஆம் பதிப்பிலேயே பழைய பென்டியம்களும் போய்விட்டன. 2025-ல் வெளியே நிறுத்தப்பட்டவற்றில் 2008-ல் இன்டெல் வெளியிட்ட ஆட்டம் என்-270 சிப்பு வைத்த சின்ன மடிக்கணினிகளும் அடக்கம். 64-பிட் சிப்புகள் வந்து ஐந்து வருஷம் ஆன பிறகும், விலை குறைவாக இருக்க வேண்டுமென்று 32-பிட்டிலேயே செய்து விற்றவை அவை. பெரிய விலை கொடுக்க முடியாதவன் வாங்கியவை. அதே வருஷத்தில் அதிக விலை கொடுத்து 64-பிட் இயந்திரம் வாங்கியவனுக்கு இன்றும் டெபியன் உண்டு. மலிவாக வாங்கியவனுக்கு முதலில் கதவு சாத்துகிறது. வறியவன் வாங்கும் பொருளுக்கு ஆயுளும் குறைவு என்ற பழைய வழக்கத்துக்கு, தர்மமாகக் கொடுக்கும் இடத்திலும் விலக்கு இல்லை. இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் நடந்திருக்கிறது.

“இப்போது அதை எத்தனை பேர் உபயோகிக்கிறார்கள்? விரல்விட்டு எண்ணிவிடலாமே” என்று ஒரு பதில் வரும். எண்ணுகிறது யார்? தாமாக முன்வந்து “நானும் உபயோகிக்கிறேன்” என்று தெரிவிப்பவர்களைக் கணக்கெடுக்கும் ஏற்பாடு ஒன்று டெபியனில் உண்டு. இணையத் தொடர்பே இல்லாமல் ஒரு பட்டறையிலோ பள்ளிக்கூடத்திலோ மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் அந்தக் கணக்கில் எப்படி வரும்? எண்ணிக்கையில் வராதவன் இல்லாதவன் அல்லன். அவன் குரல் எட்டவில்லை, அவ்வளவுதான்.

“மூல எழுத்துத்தான் திறந்து கிடக்கிறதே! வேண்டுமென்றால் நீயே செய்துகொள்” என்பது இன்னொரு பதில். இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு முதலில் கோபம் வந்தது. சமையல் தெரியாதவனிடம் அரிசியையும் அடுப்பையும் காட்டி, “சாப்பாடு இருக்கிறது, எடுத்துக்கொள்” என்று சொல்வது போலல்லவா இருக்கிறது! ஆயிரத்தில் ஒருவனுக்குக்கூட அந்த வேலை தெரியாது. உபயோகிக்க முடியாத உரிமை என்ன உரிமை?

ஆனால் ஆற அமர யோசித்தால் அந்தப் பதிலில் ஓர் உண்மை இருப்பது தெரிகிறது. எனக்குச் செய்யத் தெரியாததை எனக்காக இன்னொருவன் செய்யலாம். அவனை யாரும் தடுக்க முடியாது. விலைக்கு விற்கும் கம்பெனி செய்வதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி மைக்ரோஸாப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்குத் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அடுத்ததான விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று கம்பெனியின் விதிகள் ஒதுக்கிய இயந்திரங்கள் ஏராளம். அவற்றுக்காக உழைக்கத் தயாராக ஆயிரம் பேர் முன்வந்தாலும், மூல எழுத்து கம்பெனியின் பூட்டுக்குள் இருக்கிறது. பந்தலைப் பிரிப்பது வேறு. கிணற்றைத் தூர்ப்பது வேறு. டெபியன்காரர்கள் பந்தலைத்தான் பிரித்தார்கள். கிணறும் கயிறும் வாளியும் அங்கேயே இருக்கின்றன.

வேறொருவர் எடுத்துச் சுமப்பார் என்பது வெறும் வாய்ப் பேச்சா என்றால், இல்லை. ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு திறந்த இயங்குதளத்தார், எந்தக் குலத்துக்கான புரோகிராமையும் அந்தக் குலத்து அசல் இயந்திரத்திலேயே ஆக்கிப் பார்க்க வேண்டும் என்ற விரதம் உடையவர்கள். 1970-களில் பிறந்த வாக்ஸ் என்ற பழம்பெரும் இயந்திரத்தை அவர்கள் 2016-ல் விட்டார்கள். நெட்பிஎஸ்டி என்ற மற்றொரு கூட்டத்தார் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். ஒருவர் இறக்கி வைத்த சுமையை இன்னொருவர் தோளில் பார்க்கிறோம்.

டெபியனிலேயே இதற்கு ஒரு நல்ல சரித்திரம் இருக்கிறது. 2005 மார்ச்சில் அவர்களில் சிலர் வான்கூவர் நகரத்தில் கூடினார்கள். வெளிவரவிருந்த பதிப்பில் 11 குலங்கள் இருந்தன. சுமை தாங்கவில்லை, அதற்கடுத்த பதிப்பில் நான்கு குலங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார்கள். 32-பிட் இன்டெல், புதிதாகச் சேரவிருந்த ஏஎம்டி-64, பவர்பிசி, ஐட்டானியம் ஆகியவையே அந்த நான்கு. பெரிய சர்ச்சை மூண்டது. கடைசியில், இத்தனைதான் என்று எண்ணிக்கை போட்டு வெட்டுவதைவிட, “ஒரு குலம் உள்ளே இருக்க வேண்டுமானால் அதற்கு இயந்திரம் இருக்கிறதா, பராமரிக்க ஆள் இருக்கிறதா, மற்றவற்றோடு வேகத்தில் ஈடுகொடுக்கிறதா?” என்று நிபந்தனை வைப்பதே மேல் என்று ஆயிற்று. 2007 ஏப்ரலில் அடுத்த பதிப்பு மறுபடியும் 11 குலங்களோடு வந்தது. வெளியே போனது ஒன்றே ஒன்று, மோட்டரோலா 68000 குலம். அமிகா, அட்டாரி, பழைய மாக்கின்டாஷ் முதலியவற்றின் மூளை அது.

பின்னால் நடந்ததைப் பாருங்கள். நிலைக்கும் என்று தேர்ந்தெடுத்த நான்கில் ஐட்டானியம் 2015-ல் வந்த பதிப்போடு போயிற்று. பவர்பிசி 2017-ல் போயிற்று. 32-பிட் இன்டெல் 2025-ல் பாதி உயிராயிற்று. மிஞ்சியது ஏஎம்டி-64 ஒன்றுதான். முதலில் வெளியேற்றப்பட்ட மோட்டரோலா குலத்தையோ, அதிகார பூர்வமான பதிப்புக்கு வெளியே, சில பிடிவாதக்காரர்கள் இன்னமும் ஆக்கிக்கொண்டே இருக்கிறார்கள். எது வாழும், எது சாகும் என்று நிபுணர்கள் போட்ட கணக்கு தவறிவிட்டது. ஆளிருந்தால் வாழ்கிறது என்ற கணக்குத்தான் தவறவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது நான் வந்து சேருகிற முடிவு இது. கொடுத்தவன் நிறுத்தலாம். சில சமயங்களில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். பராமரிக்க ஆளில்லாமல், பாதுகாப்புப் பழுதுகளைப் பார்க்கக் கண்ணில்லாமல், “இந்த இயந்திரத்துக்கும் எங்களிடம் உண்டு” என்று பெயருக்கு வைத்திருப்பது நிறுத்துவதைவிடப் பெரிய பாவம். அது கழுவாத பானையில் தண்ணீர் நிரப்பி வைப்பது. பந்தல் இல்லையென்று தெரிந்தால் வழிப்போக்கன் செம்பு எடுத்து வருவான்; இருக்கிறதென்று நம்பி வந்து குடித்தால் நோயோடு போவான். “எங்களால் இனி முடியாது” என்ற சொல் கசப்பானதுதான். ஆயினும் அதைச் சொல்லும் நாணயம் ஒரு கடமை.

நிறுத்துகிறவனுக்கு வேறு சில கடமைகளும் உண்டு. முன்கூட்டிச் சொல்ல வேண்டும். நேற்றுவரை கொடுத்தது இன்றைக்கே நஞ்சாகிவிடாதபடி கொஞ்ச காலமாவது காத்துத் தர வேண்டும். எடுத்துச் சுமக்க வருகிறவனுக்கு வழியை மறிக்கக் கூடாது. இந்த மூன்றையும் டெபியன்காரர்கள் பெரும்பாலும் செய்திருக்கிறார்கள் என்றே சொல்லலாம். 13-ஆம் பதிப்பு வந்த அன்றே 12-ஆம் பதிப்பின் பழுதுபார்ப்பு நின்றுவிடவில்லை. அதில் பழைய இயந்திரங்களுக்கு இடம் இருந்தது.

நான்காவதாக ஒரு கடமை இருக்கிறது. அதுதான் அடிக்கடி தவறிப்போகிறது. இழப்பவனின் இழப்பை ஒப்புக்கொள்வது. “அந்தக் குப்பையை இன்னுமா வைத்திருக்கிறாய்? கொஞ்சம் பணம் போட்டால் செகண்டுஹாண்டில் நல்லது கிடைக்குமே!” என்று சொல்லும் குரல் இந்த விவகாரத்தில் எப்போதும் கேட்கிறது. சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ‘கொஞ்சம் பணம்’ என்பது எவ்வளவு என்று தீர்மானிக்கிறவன் எப்போதும் அது கையில் இருப்பவன்தான். உதவ முடியாமற் போவது குற்றமல்ல. உதவ முடியாத கூச்சத்தை மறைக்க, கேட்பவனையே மூடனாக்கிவிடுகிறோமே, அதுதான் குற்றம். நிறுத்தியதில் நேராத அநியாயம் அந்த ஏளனத்தில் நேர்ந்துவிடுகிறது.

பெற்றவனுக்கும் கடமை இருக்கிறது. பல வருஷம் இனாமாக அனுபவித்துவிட்டு, ஒரு நாளாவது “இதற்கு யார் கண்விழிக்கிறார்கள்?” என்று நினைத்துப் பாராதவன், நின்றுபோன அன்று வசைபாட வருவது முறையல்ல. வேலை தெரிந்தவன் ஒரு பொதியைப் பார்த்துக்கொள்ளலாம். தெரியாதவன், தன் பழைய இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று எழுதித் தெரிவிக்கலாம். அதுவும் ஒரு கைதான். 11 குலங்கள் தப்பியதும், மோட்டரோலா குலம் இன்றும் மூச்சு விடுவதும் அப்படிப்பட்ட கைகளால்தான்.

இப்போது புதியது என்று நாம் பெருமையோடு மடியில் வைத்துக்கொண்டிருக்கும் இயந்திரங்களுக்கும் இந்தப் பட்டியலில் ஓர் இடம் காத்திருக்கிறது. அந்த நாள் வரும்போது நம்மிடம் எந்தக் குரலில் பேசவேண்டுமென்று விரும்புவோமோ, அந்தக் குரலில் இன்று பழைய இயந்திரத்துக்காரனிடம் பேசக் கற்றுக்கொள்வோம். அதற்கு மூல எழுத்துத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.